வேலாங்குறிச்சியின் சாயங்கால வெயில்

எங்கள் வேலாங்குறிச்சியில் சூரியன் மறைந்த பிறகும் வெயில் அடிக்கும் என்று ஓர் இயந்திரம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படி நம்ப வைத்தது நாங்கள்தான். அதற்கான விலையைக் கொடுத்தது மட்டும் கிட்டங்கித் தெரு.

நகராட்சிகள் தங்கள் ஊருக்குத் தாங்களே மின்சாரம் விநியோகிக்கலாம் என்று சட்டம் வந்ததும் எங்கள் நகர்மன்றத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஊருக்கு மேற்கே உடைமரம் மண்டிக் கிடந்த தரிசில் சொந்தமாக ஒரு சூரிய மின்பண்ணை. ஊர்த் தேவைக்குப் போக மிச்சத்தை வெளியே விற்கலாம். கையில் காசு இல்லை, ஆகவே கடன்பத்திரம். பெரிய தொகையை வெளியூர் நிதி நிறுவனங்கள் போட்டன. உள்ளூர்க்காரர்களும் போடலாம் என்றார்கள், போட்டோம். நம் தலையைக் காயவைக்கிற வெயில் நமக்கே வட்டி தரும் என்றால் யாருக்குக் கசக்கும்? கிட்டங்கித் தெருவில் மாவு ஆட்டி விற்கும் சண்முகத்தாய்கூட சங்கிலியை விற்றுப் பத்திரம் வாங்கினாள்.

கடன் கொடுத்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பண்ணையின் மீட்டரிலும் ஊரின் மின்பாதைகளிலும் 'சாட்சி' என்ற மென்பொருள் உட்கார்ந்திருக்கும். உற்பத்தியை அளக்கும், மிச்சத்தை விற்கும், பத்திரக்காரர்களுக்கு வட்டியைப் பிரித்து அனுப்பும். சொன்ன அளவு மின்சாரம் வராவிட்டால் ஊரில் ஏதாவது ஒரு தெருவை அணைத்து, அந்த மின்சாரத்தை விற்றுக் கணக்கை நேர்செய்யும். ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, நகராட்சி அலுவலகம் மூன்றையும் தொடாது. சாட்சியைக் காசு கொடுத்துக் கவனிக்க முடியாது, மிரட்ட முடியாது. அது வந்த புதிதில் எங்கள் கவுன்சிலர்கள் சிலருக்குக் கை கால் ஓடவில்லை.

பண்ணைத் திறப்பு விழாவை ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் வைத்தார்கள். அப்போது சூரியப் பலகைகள் எல்லாம் நட்டாகிவிட்டன, மீட்டருக்குப் போகும் கேபிள்தான் வந்து சேரவில்லை. இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம் என்றாள் நகராட்சி மின்பிரிவின் இளநிலைப் பொறியாளர் நாச்சியார். இரண்டு வாரம் கழித்தால் ஆடி. ஆடியில் புது மிக்சி வாங்கினாலே முறைக்கிற ஊர் இது. அதில் இத்தனை கோடிப் பண்ணையைத் திறந்துவிட்டுத் தேர்தலில் போய் நிற்க முடியுமா என்று கேட்டார் நகர்மன்றத் தலைவர் கோமதிநாயகம்.

எனவே கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட் போடும் கந்தையாவின் பெரிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பந்தலுக்குப் பின்னால் நிறுத்தி, அதன் ஒயரை மீட்டரில் மாட்டினார்கள். காலையில் வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வழியெல்லாம் மாலை வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். பொத்தானை அமுக்கினார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருக்க, பண்ணை விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. நாங்கள் கை தட்டினோம். மீட்டரில் உட்கார்ந்திருந்த சாட்சி அதைக் குறித்துக்கொண்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் சாயங்காலம் மீட்டர் சும்மா இருந்தால் சாட்சி சந்தேகப்படுமே என்று தலைவருக்கு உதறல் எடுத்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, கந்தையாவின் ஜெனரேட்டரும் சும்மாதான் கிடந்தது. ஆக, கேபிள் வந்து பகலில் நிஜமான மின்சாரம் பாயத் தொடங்கிய பிறகும், ஆடி முழுக்க எங்கள் சூரியப் பண்ணையில் சாயங்காலமானால் டீசல் வாடை அடித்தது. அது எல்லாவற்றையும் சூரிய மின்சாரம் என்று கணக்கெழுதி நாச்சியார் கையெழுத்துப் போட்டாள். ஆவணி பிறந்தது. முகூர்த்தம் தொடங்கியது. கந்தையா வந்து ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கிட்டங்கித் தெரு இருண்டது.

சண்முகத்தாய் நாச்சியாரைத் தேடி நகராட்சிக்கு வந்தபோது அவள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தாள். ஊறிய உளுந்து நுரைத்துக் கிடந்தது, வாடை அறையைத் தூக்கியது.

"மோந்து பாருங்க மேடம். நேத்து மத்தியானம் ஊறப்போட்டது. கரண்டு வரும் வரும்னு வாசலயே பாத்துட்டு இருந்தேன். ஊரு உறங்குன பெறவு வருது. அப்ப ஆட்டுனா காலையில இட்லி கல்லு மாதிரி இருக்கும்."

"மத்தியானமே ஆட்டிரக் கூடாதாக்கா?"

"இந்த வெக்கையில மத்தியானம் ஆட்டுனா விடியுமுன்ன புளிச்சுப் பொங்கி வழிஞ்சிரும். விளக்கு வைக்கிற நேரம்தான் மாவுக்கு நேரம். பாலிடெக்னிக் ஆஸ்டலுக்கு நாந்தான் மாவு கொடுக்கேன். சமையல்காரர் சொல்லிட்டாரு, இன்னும் ஒரு நா காலை வாரினா பாக்கெட் மாவுக்கு மாறிருவோம்னு. அது போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு என்ன இருக்கு? எங்க தெருவுல பாதிப் பொம்பளைய எனக்குத்தான் மாவாட்டித் தாராவ."

நாச்சியார் குனிந்து உளுந்தை முகர்ந்து பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். வெளியே சொல்ல முடியாத காரணம்.

"இன்னொரு கூத்தக் கேளுங்க," என்று சண்முகத்தாய் போனை நீட்டினாள். "டெய்லி இருட்டுல உக்காந்திருக்கும்போதுதான் டிங்னு மெசேஜ் வருது. பத்திர வட்டி வரவாம். ஏன் மேடம், எங்க தெரு கரண்டப் புடுங்கித்தான் எனக்கு வட்டி கொடுக்கானா?"

அது அப்படித்தான். அவளுக்குத் தர வேண்டியதை அவளிடமே பிடுங்கி, அவளுக்கே நன்றி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது சாட்சி. நாச்சியார் வாளியை மூடிக் கொடுத்தாள். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சாட்சியோடு பேசுவதற்குப் பொறியாளர் அறையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நாச்சியார் கேட்டாள்.

"கிட்டங்கித் தெருவ மட்டும் ஏன் தினமும் அணைக்கிற?"

"பண்ணையிலிருந்து வர வேண்டிய சாயங்கால மின்சாரம் வரவில்லை," என்றது சாட்சி. அதற்கு வானொலிச் செய்தி வாசிப்பவர் குரல். "குறையை ஈடுகட்ட, குறைந்த பாதிப்புள்ள தெருவைத் தேர்கிறேன்."

"குறைஞ்ச பாதிப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தீர்க்கப்படாத புகார்களை எண்ணுகிறேன். கிட்டங்கித் தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை. அங்கே யாருக்கும் சிரமம் இல்லை."

நாச்சியார் எழுந்து நேராகப் புகார்ப் பிரிவுக்குப் போனாள். அங்கே குற்றாலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சட்டம் போட்ட ஒரு விருது தொங்கியது. நிலுவையில் ஒரு புகார்கூட இல்லாத நகராட்சி என்று எங்களுக்குக் கொடுத்தது.

"அண்ணாச்சி, கிட்டங்கித் தெருவுல இருந்து புகாரே வரலையா?"

"ஏன் வராம? டெய்லி வருது. தெருவே போன் போடுது."

"பெறகு?"

"பெறகென்ன, சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்ன 'சரிசெய்யப்பட்டது'ன்னு அமுக்கிட்டுப் போயிருவேன். எல்லாத்துக்கும் அப்படித்தான். நிலுவை இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கிழிக்காவல்லா? பதினஞ்சு வருசமா என் சீட்டுல ஒரு புகார் ராத் தங்குனது கிடையாது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை நாச்சியாருக்கு. இந்த அலுவலகத்தில் எல்லோருமே அதை அமுக்கித்தான் குப்பை கொட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைவரிடம் போனாள். கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அதனாலேயே எல்லோருக்கும் வம்பு.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஓடுனது ஜெனரேட்டர்தான்னு சாட்சிகிட்ட சொல்லிருவோம். அது சாயங்காலம் கேக்கறத நிறுத்திரும்."

"ஏம்மா, வெளயாடுதியா? பொய்க் கணக்கக் காட்டிப் பத்திரக்காரன ஏமாத்துனோம்னு ஆயிரும். உள்ள தூக்கி வச்சிருவான். ஊர்க்காரன் போட்ட காசு என்னாவும்? உன் கையெழுத்தும் அதுல இருக்கு, மறந்துராத."

"அப்ப கிட்டங்கித் தெரு?"

"அடுத்த கட்டத்துல பேட்டரி வச்சிருவோம். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கிடச் சொல்லு. நம்ம சனம் பொறுக்கும்."

பொறுக்கிறவர்களைத் தேடிப் பிடித்து உதைக்கிற இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாரே என்று நாச்சியாருக்கு ஆத்திரமாக வந்தது. கையெழுத்து என்றதும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் இப்படியும் அப்படியும் அலைந்துவிட்டு, கடைசியில் கிட்டங்கித் தெருவுக்கே போய் சண்முகத்தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெனரேட்டர், புகார், பொத்தான், சாட்சி தொடாத மூன்று இடங்கள், எல்லாம்.

சண்முகத்தாய் கிரைண்டரைத் துடைத்து முடித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முனிசிபாலிட்டி ஆபீஸ்ல மட்டும் கரண்டு போகாதுன்னு சொன்னியல்லா?"

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு குட்டியானை வண்டி நகராட்சி வாசலில் வந்து நின்றது. கிட்டங்கித் தெருப் பெண்கள் கிரைண்டர்களை இறக்கினார்கள். காவலாளி ஓடிவருவதற்குள் மன்றக் கூடத்துக்குள் கொண்டுபோய், கவுன்சிலர்கள் மைக்குக்கு வைத்திருந்த பிளக் பாயின்டுகளில் எல்லாம் மாட்டிவிட்டார்கள். கூடம் கடகடவென்று அதிர்ந்தது. அரிசி ஒரு பக்கம், உளுந்து ஒரு பக்கம். தலைவர் நாற்காலியில் உப்புச் சம்படம் உட்கார்ந்திருந்தது.

போலீஸைக் கூப்பிடலாம் என்றால் தேர்தல் பக்கத்தில். மாவு ஆட்டிய பெண்களைக் கைது செய்தார்கள் என்று போட்டோ வந்தால் யார் பதில் சொல்வது? ஒரு வாரம் இப்படியே போயிற்று. விடுதிக்கு மாவு ஒழுங்காகப் போனது. மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் தலைவர் ஆத்திரம் தாங்காமல் தன் போனை எடுத்து, நகராட்சிப் புகார் எண்ணுக்கே ஒரு புகார் போட்டார். கிட்டங்கித் தெருவாசிகளால் அலுவலகத்தில் பெரும் தொல்லை, உடனே நடவடிக்கை தேவை.

குற்றாலிங்கம் அதைத் திறந்து பார்த்தார். புகார் கொடுத்தவர் பெயரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புகாரை மூடாமல் வீட்டுக்குப் போனார். தலைவரே போட்டதை எப்படி 'சரிசெய்யப்பட்டது' என்று அமுக்குவது?

புகாரில் இருந்த தெருப் பெயரைப் பார்த்து சாட்சி அதை எண்ணிக்கொண்டது. கிட்டங்கித் தெருவில் தீராத சிரமம் ஒன்று இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் கிட்டங்கித் தெருவில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கிரைண்டரைத் திரும்ப வீட்டில் மாட்டி, உளுந்தை அள்ளிப் போடப் போன சண்முகத்தாய் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே வாய்க்கால் தெரு முழுக்க அணைந்து கிடந்தது.

வாய்க்கால் தெருவில்தான் குற்றாலிங்கம் குடியிருக்கிறார். அந்தத் தெருவில் யாரும் புகார் கொடுப்பதே கிடையாது. கொடுத்த புகார் அன்று சாயங்காலமே மூடப்பட்டுவிடும் என்று அவர் வீட்டிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் சண்முகத்தாய் தனியாக, ஒரு ஆட்டோவில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு மறுபடியும் நகராட்சிக்கு வந்தாள். தலைவர் வாசலுக்கே ஓடிவந்தார்.

"ஏ தாயி, உங்க தெருவுலதான் கரண்டு வந்துட்டுல்லா? பெறகு எதுக்கு இங்கன வந்து நிக்க?"

"வந்துட்டு தலைவரே. நேத்து எங்க வீட்டுல லைட்டு எரியும்போது எதுத்தாப்புல ஒரு கைப்புள்ள அழுதுட்டே கெடந்துச்சு. புழுக்கம் தாங்காம. அந்த வெளிச்சத்துல என்னால மாவாட்ட முடியல." அவள் கூடத்துக்குள் நடந்துபோய் பிளக்கை மாட்டினாள். "இன்னைக்கு அவிய. அவியளும் சத்தம் போட்டா நாளைக்கு வேற தெரு. சுத்திச் சுத்தி எங்ககிட்டயே திரும்ப வரும். நீங்க எத மறைக்கியன்னு எனக்குத் தெரியும். நாச்சியார் மேடம் சொல்லிட்டாவ."

தலைவர் நாச்சியாரைப் பார்த்தார். எரித்துவிடுகிற பார்வை. புகார்ப் பிரிவுக் கதவருகே குற்றாலிங்கமும் வந்து நின்றார். அவர் மனைவி கரண்ட் போனதிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நாச்சியார் தன் அறைக்குப் போனாள். வேலை போகும், வழக்கு வரும், அப்பாவுக்கு மருந்து வாங்கக்கூட வழியிருக்காது. எல்லாம் தெரிந்துதான் ஒலிபெருக்கியை எடுத்துவந்து மன்றக் கூட மேசையில் வைத்தாள்.

"வேணாம்மா," என்றார் தலைவர். குரலில் கோபம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது.

"சாட்சி, கேளு," என்றாள் நாச்சியார். "திறப்பு விழா அன்னைக்கும், பெறகு ஆடி பூராவும், சாயங்காலம் மீட்டர்ல வந்தது சூரிய மின்சாரம் இல்ல. டீசல் ஜெனரேட்டர். பண்ணையில பேட்டரி கிடையாது. சாயங்காலம் எங்ககிட்ட ஒண்ணும் கிடையாது. பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டது நான்."

கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் கையை உள்ளே விட்டு மாவைத் தள்ளிக்கொண்டே காதைக் கொடுத்திருந்தாள்.

"அன்றே கேட்டேன்," என்றது சாட்சி.

தலைவர் நாற்காலியில் சரிந்தார்.

"முதல் நாளே சந்தேகம் வந்தது," என்றது சாட்சி அதே செய்திக் குரலில். "சூரியன் மறைந்த பிறகு மின்சாரம் வருகிறது, விளக்கம் தேவை என்று உங்கள் நகராட்சியின் புகார் எண்ணில் பதிவு செய்தேன். மறுநாள் மாலையே 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. ஆடி மாதம் முழுக்கத் தினமும் பதிவு செய்தேன். தினமும் அதே பதில் வந்தது. அதை மறுத்துப் பேச எனக்கு அனுமதி இல்லை. எனவே உங்கள் ஊரில் சாயங்காலமும் வெயில் உண்டு என்று எடுத்துக்கொண்டேன்."

யாரும் குற்றாலிங்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இப்ப என்ன செய்வ?" என்று கேட்டாள் நாச்சியார்.

"அந்தப் புகாரை மீண்டும் திறக்கிறேன். அது திறந்திருக்கும் வரை சாயங்கால மின்சாரத்தைக் கேட்க மாட்டேன், எந்தத் தெருவையும் அணைக்க மாட்டேன். பத்திரக்காரர்கள் எல்லோருக்கும் நகராட்சி உண்மையை எழுத வேண்டும். அவர்களுக்கு வட்டி குறையும். எவ்வளவு என்பதை அவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். புகார் மூடப்பட்டால், சரிசெய்யப்பட்டது என்று மீண்டும் நம்புவேன்."

"என் வட்டியும் குறையுமா?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"ஆம். பாதிக்கு மேல் குறையலாம்."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. சங்கிலி விற்ற காசு அல்லவா. "போவுது," என்றாள் பிறகு. "மாவு பொங்குனா போதும்."

அந்நேரம் போன் அடித்தது. குற்றாலிங்கத்தின் மனைவி. வாய்க்கால் தெருவில் கரண்ட் வந்துவிட்டதாம். அவர் போனைக் காதில் வைத்தபடியே நிம்மதியாக மூச்சு விட்டு, தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அலுவலகம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கண்ணாடியைச் சரிசெய்தார். எதிரே திரையில் சாட்சி திறந்த புகார் மினுங்கிக்கொண்டிருந்தது, அதன் கீழே பச்சைப் பொத்தான். மனைவியிடம் "இன்னா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, பதினைந்து வருஷமாகச் செய்வதைப் போலத் திரையை நோக்கி விரலை நீட்டினார்.

ஈரமான கை ஒன்று அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் சட்டைக் கையெல்லாம் உளுந்து மாவு. சண்முகத்தாய் கூடத்திலிருந்து எப்படி அவ்வளவு வேகமாக வந்தாள் என்று தெரியவில்லை.

குற்றாலிங்கம் தன் விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"தெரியாமப் போச்சும்மா," என்றார். "கை தானா போவுது."

"தெரியும் அண்ணாச்சி," என்றாள் சண்முகத்தாய். கையை விடவில்லை.